அன்னபேதி போட்ட புல்தரை

குனிந்து, புறங்கையால் புல்லைத் தொட்டுப் பார்க்கிறார் பிலோமின்ராஜ். உள்ளங்கை கூடாது. காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி புறங்கைதான். தொட்ட கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்துவிட்டு, "பனி நல்லா எறங்கியிருக்கு. இன்னைக்கு உனக்குத் தண்ணி கெடையாது" என்கிறார். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. கோயில் கேட்டுக்கு வெளியே பால் பாக்கெட்டோடு நான் நிற்கிறேன்தான். ஆனால் என்னிடம் பேசும்போது அவர் குரலில் இவ்வளவு இதம் இருக்காது என்பதால், பேச்சு புல்லோடுதான் என்று தெரிந்துகொண்டு நகர்கிறேன்.

எழுபதை நெருங்கும் மனிதர். மின்வாரியத்தில் பில் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். புல்லில் களை பிடுங்க வந்தாலும் பேன்ட், பெல்ட், உள்ளே செருகிய அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. "களை பிடுங்க எதுக்குண்ணே பேனா?" என்று ஒருமுறை கேட்டேன். "பேனா இல்லன்னா இந்தப் பக்கம் லேசா இருக்கு தங்கச்சி. நடக்கவே வரமாட்டேங்குது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பேனாவில் மை இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பங்குக் கோயில் பாலக்கரையின் சந்து ஒன்றுக்குள் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற பெரிய கோயில் இல்லை. எங்கள் தெருக்காரர்களுக்கும், செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி ஏற்ற வரும் அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களுக்கும் போதுமான சின்னக் கோயில். அதன் வடக்குச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு புல்தரை. முன்பு இருந்த ஃபாதர் யாரோ ஆசைப்பட்டு கொரியன் புல் வைத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். புல் அனாதையாகக் கிடந்தது. பிலோமின்ராஜ் ரிட்டையர் ஆன கையோடு அதைத் தத்து எடுத்துக்கொண்டார். சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. அதனால் அவரை யாரும் வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது.

அந்தத் தரையில் அவருடைய சட்டம்தான். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். பந்து உள்ளே விழுந்தால் விசில். ஞானஸ்நான விருந்தில் யாராவது கேசரி சிந்தினால் விசில். கல்யாணத்துக்கு வந்த போட்டோகிராபர் லைட் ஸ்டாண்டை அப்படியே புல்லில் ஊன்றியபோது அவர் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையே எழுந்து நின்றுவிட்டார். "ஸ்டாண்டுக் காலுக்கு அடியில அட்டை வைங்க தம்பி! ஒங்க கால்ல யாராச்சும் ஆணி குத்துனா சும்மா இருப்பீங்களா?" பங்குப் பேரவைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் லான் மினிஸ்டர். அவர் காதில் விழவே சொல்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான் என்பது யாருக்கும் தெரியாது.

நானும் கொஞ்ச நாள் இவரைக் கிறுக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் சமையலறை ஜன்னல் அந்தப் புல்தரையைப் பார்த்தபடி இருக்கிறது. போன வருஷம் ஒரு விடியற்காலை காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். முதல் பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்னால், கேட்டில் இன்னும் ஆள் நடமாட்டம் தொடங்காத நேரம். பிலோமின்ராஜ் தன் மனைவி ரோசரியின் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்கிறார். அந்த அம்மாள் வெறுங்காலோடு புல்லில் ஒவ்வொரு அடியாக முன்னால் வருகிறார். வலது கால் சரியாக விழுகிறது. இடது காலை இழுக்க வேண்டியிருக்கிறது. "ம்... வா... ஆங்... அவ்ளோதான்" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்கிறது. புல்லிடம் பேசுகிற அதே குரல்.

ரோசரி டீச்சர் எங்கள் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடியவர். ஆரம்பப் பள்ளியில் ஆயுசு முழுக்கப் பிள்ளைகளை அதட்டி வளர்த்த தொண்டை. அவர் எடுத்தால் ஆர்மோனியம் பின்னால் ஓடி வரவேண்டும். பக்கவாதம் வந்தபின் பாட்டு நின்றது, கோயிலுக்கு வருவதும் நின்றது. வீட்டுக்குள்ளேயே வாக்கரைப் பிடித்துத்தான் நடந்தார், வாசற்படி ஏற முடியாதது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. "என்னப் பாத்து ஒரு ஆளு 'ஐயோ பாவம்'னு சொல்லிடக்கூடாது. சொன்னா நான் அன்னிக்கே செத்துருவேன்" என்று புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதனால் நற்கருணையை ஃபாதர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண், மெத்தென்ற தரையில் வெறுங்காலோடு தினமும் நடக்க வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது, விழுந்தாலும் அடி படாத இடமாகப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். பாலக்கரையில் மெத்தென்ற தரைக்கு எங்கே போவது? வீட்டுக்குள் மொசைக். வாசலில் சாக்கடை மூடிய சிமெண்டுப் பலகை. தெருவில் ஆட்டோவும் டூவீலரும். இருக்கிற ஒரே மெத்தென்ற இடம் எதிரே இருக்கிற கோயில் புல்தான். பிலோமின்ராஜ் அதற்கு உயிரைக் கொடுத்ததில் என்ன ஆச்சரியம்? ஆனால் மனைவிக்குக் கொடுத்த வாக்குக்காக அந்தக் காரணத்தை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த நானும் சொல்லவில்லை. ஊருக்கு அவர் லான் மினிஸ்டராகவே இருந்தார்.

இந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் சேர்ந்து மழையை ஊற்றின. கோயில் மாடித் தொட்டியின் குழாய் வேறு சுவரோடு கசிந்துகொண்டிருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. புல்லுக்கு நடுவே பாசி பிடித்தது. முதலில் எல்லோரும், "ஆகா, வெல்வெட் மாதிரி இருக்கே" என்றுதான் பாராட்டினார்கள். பிலோமின்ராஜ் மட்டும் முகத்தைச் சுளித்தார். "பச்சையா இருக்கறதெல்லாம் புல்லா தங்கச்சி? இது அதுக்குக் கழுத்த நெரிக்கிறது."

கேட்டருகே பூவும் மெழுகுவத்தியும் விற்கிற ரெங்கம்மாள், ஒரு செவ்வாய்க்கிழமை புனிதர் சுரூபத்துக்குச் சாத்த மாலையை எடுத்துக்கொண்டு புல்லின் குறுக்கே வந்தார். பாசியில் கால் வைத்ததுதான் தெரியும், அடுத்து மாலை ஒரு பக்கம், ரெங்கம்மாள் ஒரு பக்கம். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப் போனவரும், கட்டுப் போட்டு முடிகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரும், பூக்கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்தவரும் பிலோமின்ராஜ்தான். "நீங்க ஏன் சார் அழுவுற மாதிரி இருக்கீங்க, விழுந்தது நானு" என்று ரெங்கம்மாளே அவரைத் தேற்றும்படி ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பேரவை கூடியது. செயலாளர் ஜோஸ் எழுந்தார். பாத்திரக்கடை வைத்திருப்பவர், கை சுத்தமானவர், கோயிலுக்குள் வெள்ளை டைல்ஸ் போட்டுக்கொடுத்த குடும்பம். "இன்னைக்கு ரெங்கம்மா. நாளைக்கு யாரு? கொழந்தைங்க ஓடுற எடம் இது. பேவர் பிளாக் போட்டுருவோம். தண்ணி தேங்காது, பாசி புடிக்காது, வண்டியும் நிறுத்திக்கலாம். எம் மச்சான்கிட்ட கல்லு இருக்கு" என்றார். தப்பாக ஒரு வார்த்தை இல்லை. அதுதான் சங்கடம்.

எல்லோரும் லான் மினிஸ்டரைப் பார்த்தார்கள். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? என் பெண்டாட்டி அந்தத் தரையில்தான் நடக்கப் பழகுகிறாள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் அந்தக் கூட்டத்தில் எதிர்த்துப் பேச ஆள் உண்டா? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவர் போல் நின்றார். கடைசியில், "புல்லு... கண்ணுக்குக் குளிர்ச்சிங்க" என்றார். கூட்டமே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விசிலைப் பிடுங்கி ஊதிவிடலாமா என்று இருந்தது.

ஃபாதர் இளைஞர், நல்லவர், இரண்டு பக்கமும் மனம் நோகாமல் பார்ப்பவர். செபஸ்தியார் திருவிழாக் கொடியேற்றம் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் பாசி போய்விட்டால் புல் இருக்கட்டும், போகாவிட்டால் கல் போட்டுவிடலாம் என்றார். மறுவாரமே ஜோஸின் மச்சான் கல்லைக் கொண்டுவந்து சுவரோரம் இறக்கிவிட்டார். தினமும் விடியற்காலை மனைவியை நடத்துகிறபோது பிலோமின்ராஜ் அந்தக் கல் இருக்கிற பக்கம் திரும்புவதே இல்லை.

அதன்பின் அவர் செய்ததையெல்லாம் வைத்தியம் என்று சொல்ல முடியாது. பாசி மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினார். புல் மஞ்சளாகப் போனது, பாசி சௌக்கியமாக இருந்தது. வீட்டிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துவந்து உட்கார்ந்து சுரண்டினார். ஒரு பக்கம் சுரண்டி முடிப்பதற்குள் மறுபக்கம் தளிர்த்தது. "அண்ணே, டீச்சர் தோசைக்கு என்ன பண்றாங்க?" என்று கேட்டேன். "ஒரு வாரமா இட்லி" என்றார், தலை நிமிராமல்.

வழி கிடைத்தது காந்தி மார்க்கெட்டில். ஜீயபுரத்திலிருந்து வாழை இலைக் கட்டு கொண்டுவரும் நல்லதம்பியிடம் இலை வாங்கும்போது இவர் தன் புலம்பலை அவிழ்த்திருக்கிறார். புல் வெளுத்துவிட்டது என்றதும் நல்லதம்பி, "வாழை வெளுத்தா நாங்க அன்னபேதி கரைச்சு விடுவோம் சார். கரும்பச்சையா திரும்பிக்கும். வாய்க்கா ஓரத்துல இருக்கற பாசியும் அது பட்டா கருகிப் போயிரும். உரக்கடைல கேளுங்க. ஆனா ஒண்ணு, வேட்டில பட்டுச்சுன்னா கறை போவாது" என்றிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட இவர், நான் வேட்டி கட்டுவதில்லையே என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார். முதல் நாளே இரண்டு சட்டை போயிற்று.

அன்னபேதி என்றால் இரும்பு உப்பு. வெளிறின பச்சையில், கற்கண்டை உடைத்துப் போட்ட மாதிரி இருக்கும். வாளித் தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் தெளிக்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் தெளித்துப் பார்த்துவிட்டு மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். மூச்சு இரைக்கிறது, கண் கலங்கியிருக்கிறது. "தங்கச்சி... செத்துப்போச்சு!" டீச்சர் முகம்தான் கண்முன் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, "யாருண்ணே?" என்றேன். "பாசி!" என்றார், முகமெல்லாம் பல்லாக. அன்றைக்கு நான் திட்டிய திட்டுக்கு வேறு மனிதராக இருந்தால் என் வாசல் மிதித்திருக்க மாட்டார். இவர் அத்தனையையும் கேட்டுவிட்டு, "வந்து பாருங்களேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். நெருப்பில் வாட்டிய மாதிரி பாசி கறுத்துச் சுருண்டிருந்தது. இரும்புச் சீப்பால் வாரினால் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அதற்கடுத்த நாட்களில் அந்த மூலைப் புல் மெல்ல நிறம் திரும்பியது. மஞ்சள் போய், பச்சை வந்து, பச்சையும் அடர்ந்தது. இவர் தொட்டியின் ஒழுகலையும் ஆள் வைத்து அடைத்தார். "தண்ணி சொட்டிக்கிட்டு, வெயிலும் படாத வரைக்கும் மருந்து போட்டு என்ன பிரயோஜனம்? பாசி திரும்ப வரத்தான் செய்யும்" என்று தூங்குமூஞ்சி மரத்தின் தாழ்ந்த கிளைகளையும் வெட்டச் சொல்லி ஃபாதரை நச்சரித்தார்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாளன்று கடைசியாக மீதித் தரை முழுவதற்கும் விடிந்ததும் தெளித்தார். சுற்றிலும் கயிறு கட்டி, புல்லில் கால் வைக்காதீர்கள், கறை பிடிக்கும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். காலைப் பூசையில் ஃபாதரும் அறிவித்தார். வாசற்படியில் தெறித்த துளியைக்கூட இவரே தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டார். வீட்டில் மனைவியிடம், "ரெண்டு நாளைக்குப் புல்லுக்கு லீவு" என்று சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் பாசி கறுக்கத் தொடங்கி, போகிற வருகிறவர்கள் எல்லாம், "மினிஸ்டர் லானைக் கொளுத்திட்டாரு போலிருக்கே" என்றார்கள். இவர் சட்டை செய்யவில்லை. சாப்பிட்டுவிட்டு, இரும்புச் சீப்பின் கைப்பிடி கழன்றதற்கு ஆணி வாங்கக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் விடியலில் எங்களை எழுப்பியது கோயில் மணி அல்ல, மணியடிக்கிற கோயில்பிள்ளை ஜேக்கப்பின் கூச்சல். நான் ஓடினேன். வடக்குப் பக்க வாசலிலிருந்து உள்ளே, பெஞ்சுகளுக்கு இடைப்பட்ட நடைபாதையின் நட்டநடுவே, பீடத்தின் படி வரைக்கும் காலடிகள். துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தில், ஒவ்வொரு விரலையும் எண்ணிக்கொள்கிற மாதிரி, வெள்ளை டைல்ஸ் மேல். வாசலருகே பளிச்சென்றும் போகப் போக மங்கலாகவும் இருந்தன. எங்கள் பக்கத்துக் கோயில்களில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தானே உள்ளே வருவோம்? யாரோ புல்லில் நடந்து, ஈரக் காலோடு உள்ளே போயிருக்கிறார்கள். அன்னபேதி ஈரமாக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. இரவெல்லாம் காய்ந்து, விடிவதற்குள் துருவாகிவிட்டது. ஜேக்கப் பதறிப்போய் பிளீச்சிங் தண்ணீரை ஊற்ற, அது இன்னும் சிவந்து உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் கொடியேற்றம். பிஷப் இருக்கும் ஆயர் இல்லம் வரைக்கும் அழைப்புப் போயிருக்கிறது.

ஜோஸ் வந்து பார்த்தார். பாவம், அவர் தாயின் நினைவாகப் போட்ட டைல்ஸ். கோபத்தில் தடங்களைச் சுட்டிக் காட்டிச் சொன்னார். "முடிஞ்சுச்சு. திருவிழா முடிஞ்ச மறுநாளே கல்லு போட்டுர்றோம் ஃபாதர்." ஃபாதரும் தலையாட்டிவிட்டார்.

அப்போதுதான் பிலோமின்ராஜ் உள்ளே வந்தார். டக்-இன் செய்த சட்டை, பேனா, கழுத்தில் விசில். வாசலிலேயே நின்றுவிட்டார். ஜோஸுக்குப் பதில் தேடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. குனிந்து அந்தக் காலடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவற்றின் மேல் மிதிக்காமல், ஒதுங்கி, பக்கத்திலேயே மெதுவாக நடந்தார். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வலது பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு இடது பாதத்துக்கும் முன்னால் பெருவிரல் இழுத்த நீளக் கோடு ஒன்று இருந்தது. பக்கத்தில் துணைக்கு வேறு காலடி இல்லை. வாக்கரின் நாலு ரப்பர் குமிழும் எங்கேயும் பதியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயிருக்கவும் முடியாது, நட்டநடுவே போனால் கை எட்டாது. பிலோமின்ராஜ் பீடத்துப் படி வரைக்கும் போய் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முதுகு குலுங்கியது.

"யாரு காலு சார் இது?" என்றார் ஜோஸ்.

பிலோமின்ராஜ் திரும்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் காலுதான். நேத்து மத்தியானம் வந்தேன். மறந்துட்டேன். மன்னிச்சுருங்க" என்றார்.

"ஒங்க காலா? எங்க, பக்கத்துல வைங்க பாப்போம்." ஜோஸ் பாத்திரக்கடைக்காரர், மூடியையும் பாத்திரத்தையும் பார்வையிலேயே பொருத்துகிறவர். பிலோமின்ராஜின் கால் அகலமும் நீளமும் ஊரறிந்தது. அந்தத் தடத்தின் பக்கத்தில் அதை வைத்தால் தடம் குழந்தையுடையது போலத் தெரியும். வைக்க மாட்டேன் என்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார் மனிதர். "என் காலுன்னு சொல்றேன்ல? நான் தொடச்சுத் தரேன். புளி போட்டுத் தேய்ச்சா போயிரும். எல்லாரும் வெளிய போங்க, நான் பாத்துக்கறேன்."

"அது என் காலு ஜோஸ்."

வடக்கு வாசலில் ரோசரி டீச்சர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டிலிருந்து ஜேக்கப்பின் கூச்சலைக் கேட்டு வந்திருக்கிறார். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தத் தொண்டை பழைய தொண்டைதான். கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். அவர் பயந்த பார்வை அதுதான். நின்று வாங்கிக்கொண்டார்.

பிலோமின்ராஜ் ஓடிவந்து முதலில் கேட்டது, "காலு எரிஞ்சுதா?"

"இல்ல. சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். கறைதான் போவல."

"அதான் சாக்ஸ் போட்டுக்கிட்டுப் படுத்தியா? குளிருதுன்னு சொன்னியே! ரெண்டு நாளைக்குப் புல்லுக்கு லீவுன்னு சொன்னேன்ல?"

"புல்லுக்கு லீவு வுட்டா என் காலுக்கும் லீவா?" என்றார் டீச்சர், வகுப்பில் கேட்கிற மாதிரி. "ஒரு நாளும் விடக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நீங்க ஆணி வாங்கப் போனீங்க, கோயில்ல ஆளும் இல்ல. வாக்கர வெளிய வுட்டுட்டு நான் கயித்துக்கு அடியில குனிஞ்சு வந்தேன். ஒரு சுத்து நடந்தேன். விழல. உள்ள ஃபேன் ஓடுன சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் ஒக்காரலாமேன்னு படியேறுனேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வந்ததே வந்தோம், முன்னாடி வரைக்கும் போயிட்டு வந்துருவோமேன்னு போனேன். அவ்ளோதான். ஜோஸ், ஒங்க அம்மா டைல்ஸ நான்தான் பாழாக்கிட்டேன். அவரத் திட்டாதீங்க."

"டீச்சர் தினமும் எங்க நடக்கறாங்க சார்?" என்று ஃபாதர் மெதுவாகக் கேட்டார். பிலோமின்ராஜ் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், சொல்லுங்கள் என்பதுபோல் தலையை அசைத்தார்.

"புல்லுலதான் ஃபாதர்," என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது. "பாலக்கரைல வேற எங்க இருக்கு மெத்துன்னு ஒரு தரை?"

ஜோஸ் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "கல்லு வேணாம் மச்சான்... இல்ல, இப்ப வேணாம்... அட வேணாங்கறேன்ல! வண்டிய அனுப்பி எடுத்துக்கோங்க" என்று அவர் கத்துவது எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்தவர் ஜேக்கப்பிடம் வீட்டிலிருந்து புளி கொண்டுவரச் சொல்லிவிட்டுத் தானே பேன்ட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இருங்க ஜோஸ். தேய்க்கறதுக்கு முந்தி நான் ஒரு தடவ போயிட்டு வந்துர்றேன்" என்றார் டீச்சர். வாக்கரைச் சுவரில் சாய்த்துவிட்டார். வலது கால் வந்தது. இடது கால் இழுபட்டு வந்தது. நடைபாதையின் நட்டநடுவே, இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பீடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். பாதி தூரத்தில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிலோமின்ராஜ் ஓரடி எடுத்து வைத்துவிட்டார், முழங்கையைப் பிடிக்கக் கையும் நீண்டுவிட்டது. சாய்ந்தவர் தானே நிமிர்ந்துகொண்டார்.

நீட்டிய கையைப் பிலோமின்ராஜ் மடக்கினார். இரண்டு கைகளையும் இரண்டு அக்குளிலும் இறுகச் செருகிக்கொண்டு, அங்கேயே நின்றுகொண்டார்.